ஜிம்மி என்று ஒரு சிறுவன்



1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் இரவு, அமெரிக்க வானொலியில் ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்னும் அறிவிப்பாளர் ஹாலிவுட்டிலிருந்து பேசினார். அவருக்கு மறுமொழி கூறிய சிறுவனோ நாட்டின் மறுகோடியில், பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தான். வயது 12. பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் அவனுக்கு அளவிறந்த மோகம். தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களின் பெயரை அவன் சொல்லச் சொல்ல, பாஸ்டன் பிரேவ்ஸ் குழுவைச் சேர்ந்த அவர்களே ஒருவர் பின் ஒருவராக அவனது அறைக்குள் நுழைந்தார்கள். அவன் திகைத்த திகைப்பை நாடே கேட்டது.

சிறுவனோடு பேச்சு முடிந்து இணைப்பு துண்டிக்கப்பட்ட பின்னரே எட்வர்ட்ஸ் உண்மையைக் கூறினார். அவனுக்குப் புற்றுநோய், அஃது அவனுக்குத் தெரியாது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் சேர்ந்தால், ஆட்டங்களைக் காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும். சேர்ந்த தொகையோ 2 லட்சம் டாலருக்கு மேல்! பெட்டியும் வந்து சேர்ந்தது. குடும்பத்தின் நலன் கருதி அவன் மெய்ப்பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று அழைத்திருந்தார்கள். அப்பெயரே ஆராய்ச்சி நிதிக்கும் நிலைத்துவிட்டது.

அவனுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஸிட்னி ஃபார்பர் அடிப்படையில் நோய்க்குறியியலார். அதாவது இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்து, இறந்த காரணத்தை எழுதுபவர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், இறந்துவிடும் காலம் அது. காரணம் எழுதி எழுதிச் சலித்த அவர், உயிரோடிருக்கும் குழந்தைகளிடம் போக எண்ணினார்.

அவர் கையிலெடுத்த கருவியின் வரலாறு நம் நாட்டைத் தொட்டுச் செல்வது. 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், கருவுற்ற பெண்களிடையே கண்ட இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சத்தினால் அது குணமாவதைக் கண்டார். அச்சத்தில் அடங்கிய பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இரத்த அணுக்கள் பெருகுவதற்கு அது இன்றியமையாதது. நோயுற்ற குழந்தைகளுக்கு அதைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தால் இரத்தம் சீராகும் என்று ஃபார்பர் எண்ணினார், கொடுத்தார். நோய் முன்னிலும் விரைந்து பெருகிற்று. கேட்கவே நெஞ்சு பதைக்கும் தவறு இது. ஆனால் அத்தவற்றிலேயே அவர் வழியைக் கண்டார். கொடுத்தால் நோய் வளருமாயின், தடுத்தால் தேயவேண்டும் அல்லவா?

பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத ஒரு சாவியை எண்ணிப் பாருங்கள். அது உள்ளே இருக்கும்வரை மெய்ச்சாவிக்கு இடமில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைச் செய்யாத அத்தகைய பொருள் ஒன்று ஃபார்பருக்குக் கிடைத்தது. அமினோப்டெரின் என்பது அதன் பெயர். அதைச் செய்து கொடுத்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். நன்கு கவனிக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். அவருக்கு வயது 53.

தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. 'சாகும் குழந்தையை நிம்மதியாகச் சாகவிடக் கூடாதா?' என்று உடன் பணியாற்றிய மருத்துவர்களே ஃபார்பரைக் குறை கூறினார்கள். அவர்களைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். வாய்ப்புண்ணால் நீரும் விழுங்க இயலாத குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எனினும், பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை 1960களில் உருவானதற்கும், வசதி மிக்க நாடுகளில் இன்று அந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதற்கும், அந்தச் சில மாதங்களே தொடக்கம்.

ஜிம்மிக்கு வந்தது இரத்தப் புற்று அன்று. குடலில் உண்டான நிணநீர்ப் புற்று. அவன் என்ன ஆனான்? இறந்திருப்பான் என்றே அனைவரும் கருதிவிட்டார்கள். அவன் பெயரால் நிதி திரட்டியவர்களும் அப்படியே நம்பினார்கள். 1997இல் அவன் சகோதரி எழுதிய கடிதம் ஒன்று வந்தது: சகோதரன் நலமாக இருக்கிறான்! மெய்ப்பெயர் எய்னார் குஸ்டாஃப்ஸன். மெய்ன் மாநிலத்தில் நியூ ஸ்வீடன் என்னும் சிற்றூரில், உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். வளர்ந்து, லாரி ஓட்டி, பெண் மக்களைப் பெற்று, பேரர்களையும் கண்டுவிட்டான். ஐம்பது ஆண்டு கழித்து, 1998இல், அவர் பாஸ்டனுக்கு வந்து மக்கள் முன் நின்றார். 2001இல், தம் 65ஆம் வயதில், பக்கவாதத்தால் இறந்தார்.

இவ்வரலாற்றைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். 1989இல் நான் எட்டாம் வகுப்பு ஆசிரியன். என் வகுப்பில் ஒரு பையனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். பல மாதங்கள் செய்தி இல்லை. 'பையன் போய்விட்டானாம்' என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். விசாரித்தறிய எனக்குத் துணிவில்லை. அவன் வீடு பள்ளியிலிருந்து இரண்டு கல் தொலைவுதான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை பெயர்களைப் படித்து முடித்தபோது, கடைசிப் பலகையில் தலையில் துண்டு கட்டிய பையன் ஒருவன் எழுந்து நின்றான். முகம் உப்பியிருந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், எம் பேரை வாசிக்கலீங்களே" என்றான்.

நோய் தொற்றிவிடும் என்று அஞ்சி, பக்கத்திலிருந்த பையன்கள் விலகி உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் அவனருகில் அமர்ந்து, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரியில் அவன் பெயரை மீண்டும் எழுதினேன். அகர வரிசைப்படி ஏழாவதாக இருந்த பெயர், ஆண்டு முடியும்வரை 43ஆவதாகவே இருந்தது.