பிற பறவைகளின் குடல் ஒட்டுண்ணிகளும் கோழியின் எதிர்ப்புத்திறனும்

மயில், வான்கோழி, கினிக்கோழி முதலியவற்றின் எச்சத்தோடு வெளிவரும் குடல் ஒட்டுண்ணிகளைக் கோழி விழுங்க நேர்ந்தால் அதன் உடல் காட்டும் எதிர்வினை இங்குப் பேசப்படுகிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என மதுரையைச் சுற்றிய ஊர்களில் நாட்டுக்கோழி மேயும் வயல்களிலேயே மயிலும் இரை தேடுகிறது. வான்கோழி வளர்ப்போரில் சிலர் அதையும் கோழியோடு சேர்த்தே அடைக்கின்றனர்.

ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்னும் ஓரணு உயிரிகள், தாம் வாழும் பறவையைக் கறாராகத் தேர்ந்துகொள்பவை. கோழிக்கு உரியவையாக நெடுங்காலம் அறியப்பட்டவை 7 இனங்கள். மயிலுக்கு ஐமீரியா மயூரை, வான்கோழிக்கு ஐமீரியா அடினாய்ட்ஸ் எனத் தனி இனங்கள் உண்டு. அயல் ஐமீரியா கோழிக்குள் போனாலும் எல்லாம் அப்படியே வெளியேறிவிடுவதில்லை. இரைப்பையின் அரைவையிலும் பித்தநீரிலும் உறை உடைந்து, உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் குடற்செல்களுக்குள் நுழைகின்றன. பெரும்பாலும் வளர்ச்சி அத்தோடு நின்றுவிடும்; எச்சத்தில் புதிய ஊசிஸ்டுகள் (ஐமீரியாவின் உறையுள்ள, முட்டை போன்ற நிலை) வருவதில்லை.

அந்த அரைகுறை நுழைவும் வீண்போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த அகஸ்டின், டான்ஃபோர்த் ஆகியோர் 1990, 1991 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், வான்கோழி ஐமீரியாவை மிகுந்த அளவில் திரும்பத் திரும்பப் பெற்ற கோழிகள், கோழிக்கே உரிய ஐமீரியாவை ஓரளவு தாங்கின. கோழியின் 7 இனங்களுக்குள்ளேயே ஒன்றால் கிடைக்கும் எதிர்ப்பு மற்றொன்றுக்குப் பெரிதும் உதவாது என்பதை நினைத்தால், இது வியப்பான முடிவு. ஐமீரியாவுக்கு எதிரான எதிர்ப்பு, எதிர்ப்பொருள்களைவிட டி செல்கள் என்னும் வெள்ளணுக்களையே நம்பியிருக்கிறது. எதிர்ப்பொருள் உருவாக உதவும் பர்சா என்னும் உறுப்பு நீக்கப்பட்டு, எதிர்ப்பொருள் குன்றிய கோழிகளும் மறுதொற்றைத் தடுத்துவிடுகின்றன. ஆனாலும் இந்த அரைப் பாதுகாப்பை நம்பிப் பண்ணையாளர் இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஆழ்கூளம் நனைந்தால் ஊசிஸ்டுகள் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

எதிர்த்திசையில், அதாவது கோழியிலிருந்து பிற பறவைகளுக்கு, நடப்பதுதான் கொடியது. கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டெராக்கிஸ் புழுவின் முட்டைகள் ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஓரணு உயிரியைச் சுமக்கின்றன. கோழியின் குடல் அதை விரைவாக எதிர்த்து அடக்குவதால் நோய் பெரும்பாலும் லேசாகவே முடியும். வான்கோழியிலோ எதிர்ப்பு பிந்துகிறது. கிருமி கல்லீரலை எட்டிவிடும், மந்தையில் பெரும்பகுதி சாகக்கூடும். மயிலுக்கும் இந்நோய் வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதற்கென அனுமதிபெற்ற மருந்து இல்லை. புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழு உடலிலும் தங்கும். ஆகவே கோழி மேய்ந்த நிலத்தில் வான்கோழியை விடக் கூடாது.