அலிபாபாவும் ரெண்டு ரவுட்டரும்

போன வாரம் ஏற்காட்டு வீட்டுப் பரணை ஒழிச்சப்போ பழைய பிளேஸ்டேஷன் 3 தட்டுப்பட்டது. அதுக்குப் பக்கத்துலயே தூசி படிஞ்ச ஒரு ரவுட்டர். அதோட முதுகுல என் கையெழுத்துல ஒரு சீட்டு: "நெட் ஓட்டைல சொருகாதே. பக்கத்து நாலு ஓட்டைல ஒண்ணு." பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் உரியாம ஒட்டிக்கிட்டிருக்கு. கொசுவத்தி சுத்த இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா மக்களே? கொஞ்சம் பொட்டி சமாச்சாரம் கலந்த வரலாறுதான். பொறுமையா படிங்க.

2009 மே மாசம். கோடைக்கு அப்பா மேல வந்து தங்கியிருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சி. சின்னப் பையனா இருந்தப்போ ஏற்காடு ரோட்டுல சைக்கிள் மிதிச்சு மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல்ல போய் நிப்பாராம், யாராச்சும் நடிகர் கார்ல வர்றாங்களான்னு பாக்க. டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பிச்ச ஸ்டுடியோ அது. லீட்ஸ்ல போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சுட்டு வந்த மனுஷன், சேலத்துல உக்காந்துக்கிட்டு நூறு படத்துக்கு மேல எடுத்துத் தள்ளினார். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) அங்கே இருந்து வந்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் அவங்க எடுத்ததுதான்: 1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அப்பாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு. அந்த வண்ணத்தைப் பத்தி அவர் பேச ஆரம்பிச்சா நாம காபி போட்டு, குடிச்சு, டம்ளர் கழுவி வச்சுடலாம்.

அந்தப் படத்தோட விசிடி மூணு தட்டா என்கிட்ட இருந்தது. கீறல் விழுந்துக்கிட்டே போகுதேன்னு கணினியில ஏத்தி வச்சிருந்தேன். கணினி முன்ரூம்ல, பெரிய டிவியும் பிஎஸ்3-யும் பின்ரூம்ல. பென் டிரைவ்ல போட்டுச் சொருகினா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா நான்தான் பொட்டி தட்டுறவனாச்சே! "அப்பா, ஒயரே இல்லாம அங்கிருந்து இங்க வரும் பாருங்க"ன்னு வாயை விட்டுட்டேன்.

பிஎஸ்3-ல 'மீடியா சர்வர்களைத் தேடு'ன்னு ஒரு வரி உண்டு. அழுத்தினேன். தேடுச்சு. ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிடுச்சு. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் அதே பதில்.

"மலையில நெட்டு ஸ்லோவா இருக்கும்ல கண்ணு, அதான்" என்றார் அப்பா. அன்னைக்கு பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சோம். உண்மையில இதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. படம் வீட்டுக்குள்ளயே முன்ரூம்ல இருந்து பின்ரூமுக்குப் போகுது. டெலிபோன் ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் ஓடணும்.

அப்புறம் ஏன் கிடைக்கலை? அதுக்கு 1999-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜனவரியில மைக்ரோசாஃப்ட் ஒரு யோசனையைக் கொண்டு வந்தது, பேரு யூபிஎன்பி. வீட்டுல இருக்கிற சாமான்கள் எல்லாம் தாமாவே ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சுக்கணும், யாரும் எண் முகவரி எதுவும் தட்டக் கூடாது. எப்படிக் கண்டுபிடிக்கும்? கத்தித்தான். நம்ம ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல இறங்கி "நாகலூர் போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு சத்தம் போடுற மாதிரி. பிஎஸ்3-யும் அதையேதான் செய்யுது. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 என்ற கதவெண்ணுக்கு, "இங்க மீடியா சர்வர் யாராச்சும்?"ன்னு ஒரு குரல். படம் வச்சிருக்கிற கணினி அதைக் கேட்டு "நான் இருக்கேன், என் விலாசம் இது"ன்னு பதில் போடணும். அதுக்கப்புறம்தான் பட்டியல், படம் எல்லாம்.

அழகான ஏற்பாடுதான். ஆனா கூப்பிட்டவன் யாருன்னு கேட்கிற வழக்கம் அதுல கிடையாது. ஊர்ல எல்லாரும் நல்லவங்கன்னு நம்பி எழுதினது. 2001 அக்டோபர்ல விண்டோஸ் எக்ஸ்பி வந்தது, யூபிஎன்பி அதுக்குள்ளயே இருந்தது. டிசம்பர்லயே அதுல பெரிய ஓட்டை கண்டுபிடிச்சுட்டாங்க. தூரத்துல இருக்கிறவன் அது வழியா உங்க கணினியையே கைப்பற்றலாம்! அமெரிக்க எஃப்பிஐ சார்ந்த அமைப்பு ஒண்ணு, அதை அணைச்சே வைங்கன்னு சொல்ற அளவுக்குப் போச்சு. 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர் புழு வந்தது. அது நுழைஞ்சது வேற ஓட்டை வழியா. பொட்டி தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஞாபகம் இருக்கா? நம்மில் பல பேர் அந்த மாசம் ஆணி புடுங்காம கழிச்சோம்.

அதோட விளைவு என்னன்னா, 2004 ஆகஸ்ட்ல எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாவே போட்டு வச்சது. அதுவரைக்கும் ஃபயர்வால் இருந்தது, ஆனா நாமதான் தேடிப் போய்ப் போடணும். அதுக்கப்புறம் தெரியாதவன் கூப்பிட்டா கணினி வாயே திறக்காது. சரியான முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வேடிக்கையைப் பாருங்க: 2003 ஜூன்ல, அதாவது பிளாஸ்டர் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பதினேழு கம்பெனிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சிருந்தாங்க. எதுக்கு? கணினியில இருக்கிற பாட்டும் படமும் டிவிக்குத் தடையில்லாம போகணும்னு. மறுவருஷம் அதுக்கு டிஎல்என்ஏ-ன்னு பேரு மாத்தினாங்க. ஒருத்தன் கதவைத் திறக்க விதி எழுதுறான், இன்னொருத்தன் பூட்டுப் போடுறான். மைக்ரோசாஃப்ட் ரெண்டு பக்கமும் இருந்தது. சோனியும் அந்த பதினேழுல ஒண்ணு. விளையாட்டுப் பொட்டி சந்தையில வெட்டுப்பழி குத்துப்பழின்னு நின்ன ரெண்டு பேரும் இந்த விஷயத்துல ஒரே பந்தியில உக்காந்திருந்தாங்க.

பந்தி ஒண்ணு, ஆனா சாப்பிட்டது வேற வேற இலையில. 2005 நவம்பர்ல வந்த எக்ஸ்பாக்ஸ் 360 யூபிஎன்பி பேசும், ஆனா தன் வீட்டு வட்டார வழக்குல பேசும். விண்டோஸ் மீடியா கனெக்ட்னு சொல்லிக்கிட்டு வந்தாத்தான் வீட்டுக்குள்ள விடும். லினக்ஸ்ல இலவச சர்வர் எழுதினவங்க வேற வழியில்லாம தங்க மென்பொருளுக்கு அந்த வேஷத்தையே போட்டு அனுப்பினாங்க. பிஎஸ்3 வந்தது 2006 நவம்பர்ல, டிஎல்என்ஏ அதுக்குள்ள வந்தது 2007 மே மாச அப்டேட்லதான். இந்தக் கூத்துக்கெல்லாம் முன்னாடியே, 2002-ல், சில பொடிப்பசங்க முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்து சிப்பு மாட்டி, கணினியில இருந்து நேரா படம் ஓட்டுற மென்பொருள் எழுதிட்டாங்க. அதுதான் எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-ல் கோடின்னு பேரு மாறினது. பெரிய கம்பெனிகள் கூட்டம் போட்டுக்கிட்டிருந்தப்போ இவங்க படமே பாத்து முடிச்சுட்டாங்க.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம்.

எங்க வீடு பழைய கல்லுக்கட்டு. சுவர் ஒண்ணரை அடி கனம், வைஃபை அதைத் தாண்டாது. அதனால சேலத்துல ஒரு கடையில ரெண்டாவது ரவுட்டர் வாங்கிட்டு வந்து, டெலிபோன் மோடத்துல இருந்து ஒயர் இழுத்து, பின்ரூம்ல வச்சிருந்தேன். ரெண்டு ரூம்லயும் நெட் ஜம்முனு வந்தது. பிஎஸ்3-லயும் வலைப்பக்கம் திறந்தது. எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே இருந்ததுதான் பிரச்சினையே.

ரெண்டு ராத்திரி முழிச்சேன். கம்பி மாத்தினேன், பிஎஸ்3 அப்டேட் போட்டேன், தங்கமணிகிட்ட திட்டு வாங்கினேன். மூணாம் நாள் ராத்திரிதான் பிஎஸ்3-யோட ஐபி முகவரியைக் காகிதத்துல எழுதிப் பாத்தேன். 192.168.0-ல ஆரம்பிச்சது. கணினியோடது 192.168.1. அட ராமா! ரெண்டும் வேற வேற ஊரு. ரெண்டாவது ரவுட்டர் தனிக்குடித்தனம் போட்டு, பின்ரூமுக்குன்னு தனி வலையமைப்பு நடத்திக்கிட்டிருந்தது. வெளிய இணையத்துக்குப் போற போக்குவரத்தை அது மோடம் வழியா அனுப்பி வைக்கும். ஆனா "யாராச்சும் இருக்கீங்களா"ங்கிற அந்தப் பொதுக் குரல் அதோட வாசலைத் தாண்டாது. பிஎஸ்3 மூணு நாளா மூடின ரூமுக்குள்ளயே கத்திக்கிட்டிருந்திருக்கு, பாவம்.

வைத்தியம் சுலபம். ரெண்டாவது ரவுட்டர்ல முகவரி வழங்குற டிஹெச்சிபி வேலையை அணைச்சேன். அதுக்கு மோடத்தோட வரிசையிலயே, வேற எதுவும் எடுக்காத ஒரு எண்ணைக் கொடுத்தேன். ஒயரை 'நெட்'னு எழுதின ஓட்டையில இருந்து உருவி, பக்கத்துல இருக்கிற நாலு ஓட்டைல ஒண்ணுல சொருகினேன். அவ்வளவுதான், அது வெறும் வைஃபை தூண் ஆயிடுச்சு. அந்தச் சீட்டு ஒட்டினது அன்னைக்குத்தான்.

அப்பவும் கிடைக்கலை! அவ்வ்வ்வ்...

இந்தத் தடவை பூட்டு கணினியில. விண்டோஸ் ஃபயர்வால்ல எல்லாம் அனுமதி கொடுத்திருந்தேன். ஆனா வைரஸ் தடுப்புன்னு நான் போட்டு மறந்துபோன ஒண்ணு, தனக்குன்னு இன்னொரு ஃபயர்வால் வச்சிருந்தது. அரை நிமிஷம் அதை அணைச்சுட்டுத் தேடினேன், டிவியில கணினி பேரு பளிச்சுனு வந்தது. அணைச்சே விடக் கூடாது, 2003 பாடம் மறக்கலை. வீட்டு வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்துட்டு மறுபடி போட்டேன்.

பேரு வந்தாச்சு, கோப்புறை வந்தாச்சு, உள்ளே ஒண்ணுமில்லை. விசிடியில படம் இருக்கிறது டாட் கோப்பா. சர்வருக்கு அது படம்னே தெரியலை. உள்ளே இருக்கிறது எம்பெக்-1தான், மேல ஒரு உறை. ஒரு சின்ன மென்பொருளால உறையை உரிச்சு எம்பிஜி ஆக்கினதும் வந்துடுச்சு. இந்தக் கோப்பு வகைத் தகராறும் அந்தக் காலத்துல பெரிய தலைவலி. டிஎல்என்ஏ விதிப்படி எல்லாரும் கட்டாயம் ஓட்ட வேண்டிய வீடியோ எம்பெக்-2 மட்டும்தான். ஊரே டிவ்எக்ஸ்ல படம் வச்சிருந்தது. ரெண்டு பொட்டியும் டிவ்எக்ஸுக்கு இறங்கி வந்தது 2007 டிசம்பர்ல, ஒரே மாசத்துல.

படம் ஓடுச்சு. விசிடியில 352-க்கு 288 புள்ளிதான், பெரிய டிவியில கட்டம் கட்டமா தெரிஞ்சது. அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு முன்னாடி நகர்ந்து உக்காந்தார். "அந்தப் பச்சையைப் பாரு கண்ணு" என்றார். எனக்கு அது பழுப்பாத்தான் தெரிஞ்சது. மூணாவது கோப்பு பாதியில நின்னு போச்சு. தட்டு கீறல், ஏத்தும்போதே அதுக்கு மேல வரலை. மிச்சக் கதையை அப்பா சொன்னார், யார் எங்க நின்னாங்க, யார் கையில கத்தின்னு. 53 வருஷத்துக்கு முன்னாடி பாத்தது.

அப்பா 2014-ல் போய்ட்டார். 2013-ல் வந்த பிஎஸ்4-ல முதல்ல டிஎல்என்ஏ இல்லை. ஜனங்க கூச்சல் போட்டு 2015-ல் ஒரு மீடியா பிளேயர் கிடைச்சது. 2017-ல் டிஎல்என்ஏ கூட்டமைப்பையே கலைச்சுட்டாங்க. 2020-ல் வந்த பிஎஸ்5-ல அந்தத் தேடல் வரியே இல்லை. உன் வீட்டுல இருக்கிற படத்தை நீயே ஏன் ஓட்டிக்கணும், சந்தா கட்டி எங்ககிட்ட பாருங்கிற காலம். மாடர்ன் தியேட்டர்ஸும் எப்பவோ மூடியாச்சு. ஏற்காடு ரோட்டுல அதோட வளைவு மட்டும் நிக்குது, மலை ஏறும்போது பாத்திருப்பீங்க.

பரண்ல இருந்து இறக்கின பிஎஸ்3-யை அன்னைக்கே மாட்டினேன். லேப்டாப்ல யுனிவர்சல் மீடியா சர்வர் போட்டு அதே மூணு கோப்பைக் கொடுத்தேன். தேடு, அழுத்து. பத்து நொடியில வந்துடுச்சு. லீவுக்கு வந்திருந்த மருமகன், பன்னிரண்டு வயசு, பக்கத்துல உக்காந்து முழுசா பாத்தான், நம்பினா நம்புங்க. மூணாவது கோப்பு அதே இடத்துல நின்னுது.

"யூடியூப்ல இருக்கும் மாமா, தேடட்டா?" என்றான்.

"அப்புறம் தேடலாம். மொதல்ல நான் சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிச்சேன்.