சர்ப்பகந்தா வேரும் அழுத்த நோயாளியின் மனமும்

உயர் இரத்த அழுத்தம், அதை அளக்கும் கருவி பிறந்த பின்னரே தனி நோயாக அறியப்பட்டது. 1896-இல் இத்தாலியின் தூரின் நகரில் சிப்பியோனே ரிவா-ரோச்சி, மேற்கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்து, எவரும் எளிதில் கையாளத்தக்க அழுத்தமானியை அமைத்தார். 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இராணுவ மருத்துவர் நிக்கொலாய் கொரோத்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பொலியைக் கேட்பதன் வழியாக, இதயம் சுருங்கும்போது எழும் மேல் அழுத்தத்தையும் அது தளரும்போது நிற்கும் கீழ் அழுத்தத்தையும் பிரித்தறியும் முறையை வகுத்தார். அளக்கப்படுபவரின் மனநிலைக்கு ஏற்ப அளவு மாறக்கூடும் என்பதை ரிவா-ரோச்சியே கவனித்திருந்தார். ஆகவே இரத்த அழுத்தத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு பிற்காலத்தவர் வலிந்து சேர்த்த ஒன்றன்று. அது கருவியோடு கூடவே வந்தது. 1911-இல் ஜெர்மானிய மருத்துவர் எபர்ஹார்ட் ஃபிராங்க், சிறுநீரகக் கோளாறு முதலிய காரணம் எதுவும் தென்படாமல் நிலைத்து நிற்கும் உயர் அழுத்தத்தைத் தனி வகையாகப் பிரித்தபோது, வலியும் காரணமும் இல்லாத அந்நோய்க்கு விளக்கம் தேடுவோரின் பார்வை இயல்பாகவே நோயாளியின் மனத்தின்மேல் விழுந்தது.

அவ்விளக்கங்களுள் பெரிதும் பரவியது, சிகாகோ நகரின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1939-இல் முன்வைத்த கருத்தாகும். வெளிப்படுத்த இயலாமல் ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்த சினமே இரத்தக் குழாய்களை இறுகிய நிலையில் வைத்திருக்கிறது என்றும், பணிவான தோற்றத்துக்குள் பகையுணர்வைச் சுமப்பதே இந்நோயாளிகளின் பொதுக்குணம் என்றும் அவர் கருதினார். இக்கருத்து, மன உதவி நாடி உளப்பகுப்பாய்வுக்கு வந்த சிலரை ஆழ்ந்து பார்த்ததிலிருந்து எழுந்ததேயன்றி, ஊரில் அழுத்தம் மிகுந்தோர் அனைவரையும் அளந்து பெற்றதன்று. எனினும் நோயாளியின் துயரத்தை நோயின் விளைவாகப் பாராமல் அதன் காரணமாகவே பார்க்கும் பழக்கத்தை அது மருத்துவத்தில் வேரூன்றச் செய்தது. நோயுற்றவர் தம் சுபாவத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார் என்பது இக்கருத்தின் மிகக் கடுமையான பக்கம்.

அக்காலத்தில் கொடுப்பதற்கு நல்ல மருந்தும் இல்லை. முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்புகளை வெட்டும் பெரிய அறுவை சிகிச்சையும், டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் விதித்த உப்பற்ற சோறும் பழமும் மட்டுமேயான உணவுமுறையும் மிகக் கடும் நிலையில் இருந்தோருக்கே பொருந்தின. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பின் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களின் கையில் இருந்தவையும் ஓய்வு, உணவுக் கட்டுப்பாடு, டிஜிட்டலிஸ் என்னும் இதய மருந்து போன்ற சிலவே.

இந்த வெறுமையை முதலில் நிரப்பியது இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு செடியின் வேர். சர்ப்பகந்தா எனப்படும் அச்செடியின் வேர்ப்பொடி, பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் பயன்பட்டதோடு, பீகார்ப் பகுதியில் ‘பாகல் கி தவா’, அதாவது பித்துப் பிடித்தோருக்கான மருந்து என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. ஹக்கீம் அஜ்மல் கான் தூண்டிய ஆய்வுப்பணியின் தொடர்ச்சியாக, 1931-இல் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் அவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளை, அதாவது தாவரங்களில் உருவாகும் நைட்ரஜன் கலந்த வீரியப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் சிலவற்றுக்கு அஜ்மல் கானின் நினைவாகப் பெயரிட்டனர். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், அந்த வேர்ப்பொடி வெறிகொண்ட மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். மனத்தையும் அழுத்தத்தையும் ஒரே வேர் தொடுகிறது என்ற செய்தி இவ்வாறு 1931-லேயே அச்சில் வந்துவிட்டது. மேற்குலகம் அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனிக்காமல் விட்டது.

அக்கவனத்தை ஈர்த்தவர் பம்பாயின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். ஐம்பது உயர் அழுத்த நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பலனை அவர் 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையைத் தொடர்ந்து பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் மருந்தைச் சோதித்தார். அழுத்தம் மிதமாகவே இறங்கியபோதிலும், நோயாளிகளிடம் பதற்றம் தணிந்து ஒருவகை அமைதி தோன்றியதை அவர் சிறப்பாகக் குறித்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் வேரின் முதன்மையான வீரியப் பொருளைப் பிரித்து, அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டனர். 1954-இல் நேதன் க்ளைன் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் அதன் பயனை எழுதியபின், இதயநோய்ப் பிரிவிலும் மனநோய்ப் பிரிவிலும் ஒரே மாத்திரை வழங்கப்படலாயிற்று.

அதே 1954-இல் வாஷிங்டனில் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய எட்வர்ட் ஃப்ரைஸ், பெரும் அளவில் நீண்டகாலம் ரெசர்பின் உட்கொண்ட அழுத்த நோயாளிகள் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதை வெளியிட்டார். அடுத்த ஆண்டுகளில் இத்தகைய அறிக்கைகள் பெருகின. மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சிலர் தளர்ந்துபோயினர். இவர்கள் மனநோய்க்கு மருந்து கேட்டு வந்தவர்கள் அல்லர். நோயின் அறிகுறி எதையும் உணராதவர்களும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும். அழுத்தமானி காட்டிய எண்ணைக் குறைப்பதற்காக மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு உறக்கம் கெட்டது, ஊக்கம் வற்றியது. அழுத்த நோயாளியின் மனத்துயரம் அவர் சுபாவத்தின் வெளிப்பாடு என்ற பழைய எண்ணம் இங்கே உடைந்திருக்க வேண்டும். ஏனெனில் துயரம் இம்முறை சிகிச்சையின் வழியாகவே வந்தது.

ஆனால் அறிவியலின் நாட்டம் நோயாளியை விட்டு மூலக்கூறின்மேல் சென்றது. 1955-இல் அமெரிக்கத் தேசிய இதய ஆய்வு நிறுவனத்தில் பெர்னார்ட் ப்ரோடியின் குழுவினர், ரெசர்பின் கொடுத்த விலங்குகளின் மூளையில் செரட்டோனின் என்னும் நரம்புச் செய்திப்பொருள் வற்றிப்போவதைக் கண்டனர். அக்குழுவினருடன் சிலகாலம் பணியாற்றித் திரும்பிய சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்கள், டோபமைன் என்னும் நரம்புச் செய்திப்பொருளாக மூளையில் மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடியதை 1957-இல் காட்டினார். மூளையில் டோபமைனின் பங்கை வெளிக்கொணர்ந்த இப்பணிக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நரம்புச் செய்திப்பொருள்கள் குறைவதே மனச்சோர்வு என்னும் கொள்கையை 1965-இல் ஜோசப் ஷில்ட்க்ராட் வகுத்தபோது, ரெசர்பினால் சோர்ந்த அழுத்த நோயாளிகள் அதற்கு முக்கியச் சான்றுகளாயினர். சான்றுகளாக அவர்கள் புகழ்பெற்ற அளவுக்கு, ஆயுள் முழுவதும் மாத்திரையோடு வாழும் மனிதர்களாக அவர்கள் கவனிக்கப்படவில்லை.

அச்சான்றும் உறுதியானதன்று. 1955-லேயே இலண்டனில் டேவிசும் ஷெப்பர்டும் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில், பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரெசர்பின் நன்மையே செய்திருந்தது. அம்முடிவு பல ஆண்டுகள் பேசப்படாமலே கிடந்தது. 1971-இல் குட்வினும் பன்னியும் பழைய அறிக்கைகளை மீண்டும் ஆராய்ந்து, நோய் எனத்தக்க மனச்சோர்வு சிறு பகுதியினருக்கே உண்டானது என்றும், அவர்களுள் பலர் முன்பே அந்நோயால் துன்புற்றவர்கள் என்றும், மற்றவர்களிடம் கண்டது பெரும்பாலும் மருந்தின் மயக்கமும் மந்தமுமே என்றும் எழுதினர். மருந்தின் அளவும் இதற்குள் மிகவும் குறைக்கப்பட்டிருந்தது. ஃப்ரைஸ் முன்னின்று நடத்திய படைவீரர் மருத்துவமனைகளின் கூட்டாய்வில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களுக்கு ரெசர்பின் சேர்ந்த மும்மருந்துக் கலவையோ மருந்தில்லா மாத்திரையோ கொடுக்கப்பட்டது. 1967-இல் வெளியான அதன் முடிவில், மருந்தில்லா மாத்திரை பெற்றோருள் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்திருக்க, மருந்து பெற்றோருள் இருவருக்கே நேர்ந்திருந்தது. சோர்வு தருவதாக அஞ்சப்பட்ட மருந்து, குறைந்த அளவில், உயிர் காக்கும் சிகிச்சையின் முதல் உறுதியான நிரூபணத்தில் பங்குபெற்றது. மருந்தைப் பற்றி எச்சரித்தவரும் அதன் பயனை நிலைநாட்டியவரும் ஒருவரே என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

சிகிச்சை பயனுடையது எனத் தெரிந்ததும், நலமாக நடமாடுவோரிடையே நோயைத் தேடிக் கண்டறியும் முகாம்கள் பெருகின. அப்போதுதான், மருந்தைத் தவிர வேறொன்றும் துயரம் தருகிறதா என்ற கேள்வி எழுந்தது. கனடாவின் ஹாமில்டன் நகரில் எஃகு ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த பிரையன் ஹெய்ன்சும் டேவிட் சாக்கெட்டும் அவர்கள் குழுவினரும் 1978-இல் வெளியிட்ட முடிவு இதுவரை சொல்லப்பட்டவற்றுள் மிக முக்கியமானது. தங்களுக்கு உயர் அழுத்தம் உண்டு என்று புதிதாக அறிவிக்கப்பட்ட தொழிலாளர்கள், அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு கூடுதலாக வேலைக்கு வராமல் இருந்தனர். ஆலையின் மற்றத் தொழிலாளர்களிடம் அவ்வுயர்வு 9 விழுக்காடே. மருந்தின் பக்கவிளைவாலோ அழுத்தத்தின் கடுமையாலோ மட்டும் இதை விளக்க இயலவில்லை. நோயுண்டு என்று அறிந்ததும், கொடுத்த மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாததுமே அவ்விடுப்போடு சேர்ந்து நின்ற முதன்மைக் காரணிகளாக இருந்தன. நேற்றுவரை உலையருகே உழைத்தவரை, உடலில் எவ்வித மாற்றமும் இன்றி, ஒரு சொல் நோயாளியாக்கியது. விடுப்பில் வீட்டில் இருந்தவர் எதற்கு அஞ்சினார் என்பதை ஆலையின் வருகைப் பதிவேட்டிலிருந்து அறிய வழியில்லை. அக்குழுவினர் 1984-இல் தம் ஆய்வோடு பிறர் ஆய்வுகளையும் தொகுத்தபோது, நோயென்று பெயர் சூட்டுவதால் உண்டாகும் மனநலக் குறைவைத் தனிப் பொருளாகவே எடுத்து ஆராய்ந்தனர்.