மேஜர் சரவணன் சாலை

மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குப் போக நமக்கு இரண்டு ரோடு. ஓ.எம்.ஆருக்கு 2008-ல் ராஜீவ் காந்தி பெயர் வைத்தார்கள். ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் ஒரு பகுதிக்கு 2022-ல் கலைஞர் பெயர். ஆனாலும் நாம் இன்னும் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்றுதானே சொல்கிறோம்?

ராணுவ வீரர் பெயர் என்றால் எனக்கு ஞாபகம் வருவது திருச்சி கன்டோன்மென்ட்டில் இருக்கும் மேஜர் சரவணன் சாலைதான். ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். கார்கில் போரில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் ஜுபார் மலையைப் பிடிக்கப் போன தாக்குதலில் இறந்தார். வயது 26. நம்மைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்! எதிரியின் துப்பாக்கிக்கு நேராக இருந்த சரிவு என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் உடலைக்கூட மீட்க முடியவில்லை. பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள்.

நெடுஞ்சாலையைவிட இப்படி ஊருக்குள் இருக்கும் ரோடுதான் நல்லது என்பேன். கடை பில்லிலும் கல்யாணப் பத்திரிகையிலும் விலாசமாக அந்தப் பெயரை எழுதியே ஆக வேண்டும். ஆனால் பெயர் மட்டும் போதாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கவர் வாங்குகிறவர் அந்த ஜெனரலையா நினைக்கிறார்? போர்டில் பெயருக்குக் கீழே சின்னதாக 'ஜுபார், 29.5.1999' என்று ஒரு வரி எழுத எவ்வளவு பெயின்ட் செலவாகிவிடும்?