தேயிலைப் புளிப்பின் வரலாறு

இனிப்பிட்ட தேநீரில் ஒருவகை ஆடையை இட்டுப் புளிக்கவைத்துப் பருகும் வழக்கம் இக்காலத்து மேனாடுகளிற் பெரிதும் பரவியுள்ளது. ‘கொம்புச்சா’ என்பது அப்பானத்துக்கு வழங்கும் பெயர். வெளிநாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, அடியிற் குழாய் பொருத்திய கண்ணாடிச் சாடியொன்றை எனக்குக் காட்டி, “இது இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய மருந்து, சேர்” என்றார். சரித்திரம் படிப்பிப்பவனிடம் இங்ஙனம் கூறிவிட்டுத் தப்புதல் எளிதன்று. அவர் கூற்றை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இப்பானத்தைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. சீனப் பேரரசர் சின் சி குவாங் காலத்தில், கி. மு. 221ஆம் ஆண்டை ஒட்டி, இது ‘சாவாமருந்து’ எனப் போற்றப்பட்டது என்பது ஒன்று. அவ்வரசர் சாவாமருந்தை நாடியது உண்மையே. ஆயின் அவர் நாடிய மருந்து புளித்த தேநீர் என்பதற்கு ஒரு பழைய சீன நூலின் பெயரையேனும் இக்கதையைச் சொல்வோர் சுட்டுவதை யான் கண்டிலேன். வேறொரு தடையும் உண்டு. இன்று இதற்கு இடப்படுவது சீனி. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சீனி எடுக்கும் முறையை அறிந்துவருமாறு தாங் மரபுப் பேரரசர் தாய்சோங் நம் பாரதத்து மகத நாட்டுக்குத் தூதரை அனுப்பியது கி. பி. 647இல் ஆகும். சின் அரசருக்கு அது எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பிந்தியது. தேன் இட்டும் புளிக்கவைக்கலாமே என்று ஒருவர் வினவலாம். வினவட்டும், இடலாம் என்பது வேறு, இட்டனர் என்பது வேறு.

மற்றைய கதை யப்பானைச் சார்ந்தது. கி. பி. 414இல் கொரியாவிலிருந்து ‘கொம்பு’ என்னும் வைத்தியர் இப்பானத்தைக் கொணர்ந்து இங்கியோ மன்னரின் நோயைத் தீர்த்தார் என்பர். இக்கதைக்கு ஒரு வேர் உண்டு. கி. பி. 720இல் முற்றுப்பெற்ற நிகொன் சொகி என்னும் யப்பானிய வரலாற்று நூல், சில்லா நாட்டு வைத்தியர் ஒருவர் அம்மன்னரைக் குணப்படுத்தியதைக் கூறுகின்றது. தேநீரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை, இருத்தற்கும் இடமில்லை. யப்பானில் தேநீர் பருகியமைக்கு உறுதியான முதற் குறிப்பு கி. பி. 815க்கு உரியது, எய்ச்சு என்னும் புத்த துறவி சாகா மன்னருக்குத் தேநீர் அளித்தார் என்பது அது. மேலும் யப்பானிய மொழியிற் ‘கொம்பு’ என்பது ஒரு கடற்பாசி. அந்நாட்டில் ‘கொம்புச்சா’ கேட்பவருக்கு உவர்ப்புச் சுவையுள்ள கடற்பாசி நீரே கிடைக்கும். நாம் பேசும் பானத்தை அவர்கள் ‘செந்தேநீர்க் காளான்’ என்னும் பொருளுடைய வேறு பெயரால் அழைக்கின்றனர். எங்கோ ஒரு மயக்கத்தாற் பெயர் இடம் மாறிற்று.

கதைகளை ஒதுக்கினால் எஞ்சுவது ஏறத்தாழ நூறாண்டுச் சான்றே. 1727இல் கியாக்தா உடன்படிக்கை ஏற்பட்டபின் சீனத் தேயிலை ஒட்டகங்களின்மேல் ருஷ்யாவுக்குச் சென்றது. அந்நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘தேயிலைக் காளான்’ வீடுகளிற் காணப்படுகின்றது. 1913இல் ஜேர்மானியத் தாவரவியலார் குஸ்தாவ் லிண்டோ அதன் ஆடை சொறிமுட்டையை ஒத்திருத்தல் கண்டு ‘மெடுசோமைசிசு’ எனப் பெயரிட்டார். அது காளான் அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மதுவம் சீனியை அற்ககோலாக்க, பற்றீரியா அவ்வற்ககோலை அசற்றிக்கமிலமாக்குகின்றது. அப்பற்றீரியா நெய்யும் செலுலோசே மேலே மிதக்கும் ஆடை. இத்தகைய ஆடையை நெய்யும் பற்றீரியாவை ஆங்கில இரசாயனர் அட்றியன் பிறௌண் 1886இலேயே விவரித்திருந்தார்.

இனி, மாணவர் காட்டிய சாடிக்கு வருவோம். முழுவதையும் வடித்தெடுத்து மீண்டும் புதிதாகத் தொடங்குதல் ஒரு முறை. நாலில் ஒரு பங்கை மட்டும் குழாய்வழி எடுத்து, எடுத்த அளவுக்கு ஆறிய இனிப்புத் தேநீரை வார்த்து வருதல் தொடர்முறை. உள்ளே எஞ்சும் புளிப்பு புதுத் தேநீரைப் பூஞ்சணத்தினின்று காக்கின்றது. நம் பனைமுட்டியில் சுண்ணாம்பு புளிப்பைத் தடுத்துக் கருப்பநீரை இனிப்பாகவே வைத்திருத்தல் போல, இங்கே புளிப்பே காவல். இம்முறைக்குத்தான் உண்மையான பழைமை உண்டு. அது சீனத்தில் அன்று, பிரான்சில் ஒர்லியன்சு நகரத்து வினாகிரித் தொழிலில்.

அங்கே பீப்பாய்களைக் கிடையாக அடுக்கி, காற்றுப் புகத் துளையிட்டு, பாதியளவுக்கு வினாகிரி நிரப்பி வைப்பர். வாரந்தோறும் எட்டுப் பத்து லீற்றர் எடுத்து, அதேயளவு திராட்சை மதுவை வார்ப்பர். பழகிய பீப்பாய் பல ஆண்டுகள் தொழிற்படும். ஆயின் வாரந்தோறும் அதற்கு உணவு வேண்டும். விலை வீழ்ந்த காலத்தும் அதனைப் பட்டினியிட இயலாது. லூயி பாஸ்டர் இத்தொழிலை ஆராய்ந்து 1864இற் கட்டுரை வெளியிட்டார். 1867இல் ஒர்லியன்சுத் தொழிலாளர் முன்னிலையிலேயே விரிவுரை நிகழ்த்தினார். அவர்கள் ‘தாய்’ என்று போற்றிய தடித்த வழுவழுப்பான பொருளை அவர் உயர்வாக மதிக்கவில்லை. காற்றைத் தொட்டு நிற்கும் மெல்லிய மேற்படலமே ஒட்சிசனை ஏற்றுத் தொழில் செய்கின்றதெனவும், பழைய பீப்பாய்களிற் பெருகும் நுண்புழுக்கள் காற்றுக்காக அப்படலத்தோடு போரிட்டு அதனை அமிழ்த்துகின்றனவெனவும் காட்டினார். எனவே தூய படலத்தை விதைத்துப் புதிதாகத் தொடங்குதலே சிறந்ததென்பது அவர் கருத்து. ஆடையின் தடிப்பைக் கண்டு பெருமைகொள்ளும் இன்றைய இல்லத்தார் பாஸ்டரை ஒருமுறை வாசித்தல் நன்று. ஆடையை நாள்தோறும் தொட்டு அலைக்காது வைத்தலும், சாடியைத் துணியால் மட்டும் மூடுதலும் ஏன் என்பதற்கும் விடை அங்கேதான் உண்டு.

பழைமைக் கதையினால் நேரும் தீங்கு சிறிதன்று. இரண்டாயிரம் ஆண்டு மருந்தென நம்புபவர் அளவின்றிப் பருகுவர். வைத்தியர் தந்த மருந்தைக் கைவிடவும் கூடும். 1995இல் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நாள்தோறும் இதனைப் பருகி வந்த இரு பெண்கள் குருதியில் அமிலம் மிகுந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அதே தாயாடையிலிருந்து பானம் செய்து பருகிய பிறர் நலமாக இருந்தமையால், இதுவே காரணமென அரசாங்க ஆய்வாளர் முடிவு கட்டவில்லை, அன்றெனவும் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ ஐயத்துக்கு இடமற்றது. மினுக்குப் பூசிய மட்பாண்டத்தில் இதனைப் புளிக்கவைத்துப் பருகியோர் ஈயநஞ்சினாற் பாதிப்புற்றமை 1998இல் மருத்துவ ஏடொன்றிற் பதிவாயிற்று. புளிப்பு பூச்சிலிருந்த ஈயத்தைக் கரைத்துவிட்டது. தொடர்முறையில் பாண்டம் ஒருபோதும் வெறுமையாவதில்லை. இரவு பகலாக அமிலம் அதன் சுவரைத் தொட்டுக்கொண்டேயிருக்கும்.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதினேன். தம் சாடி கண்ணாடியே என்றும், குழாய் மட்டும் ஓர் உலோகத்தாலானது, அதனை மாற்றிவிடுவதாகவும் விடை எழுதியிருந்தார். சின் சி குவாங்கைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.