கெகலுக்கு முன்னரே ஒரு நடனக் கலைஞர்

பிள்ளைப்பேற்றின் பின் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதற்கு முதற்சிகிச்சை, இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியே. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை இத்தசைகள். அமெரிக்க மகளிர் நோய் வைத்தியர் ஆர்னோல்ட் கெகலின் பெயரால் உலகம் அப்பயிற்சியை அழைக்கிறது.

1948இல் கெகல் வெளியிட்ட கட்டுரை, தளர்ந்த தசைகளைப் பயிற்சியால் மீட்கலாம் என்றது. தன் தசையின் அழுத்தத்தைப் பெண்ணே அளவுமானியில் பார்த்துப் பயில அவர் ஒரு கருவியையும் அமைத்தார். கண்ணுக்குத் தெரியாத தசையைச் சரியாகத்தான் சுருக்குகிறோமா என்ற ஐயத்தை அது தீர்த்தது. அவரது சாதனை பெரிது, மறுப்பதற்கில்லை.

ஆயினும், பிரித்தானிய நடனக் கலைஞர் மார்கரட் மொரிஸ் அவரை முந்திவிட்டார். லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் இயன்மருத்துவம் கற்ற அவர், மகப்பேற்றுக்கால உடற்பயிற்சிகள் குறித்து 1936இலேயே நூல் வெளியிட்டார். இடுப்புத்தளப் பயிற்சியைப் பிரித்தானிய இயன்மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவராக அவரையே துறைசார்ந்தோர் குறிப்பிடுகின்றனர். பொதுமக்களோ அவர் பெயரை அறியார்.

இன்றைய பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி, வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கங்களாக நாளுக்கு 3 வேளை, 3 மாதங்களாவது மேற்பார்வையுடன் பயிலச் சொல்கிறது. செலவு மிகக் குறைவு. நம் பெண்களைத் தடுப்பது வெட்கம் ஒன்றுதான் என்பேன். பிள்ளை பெற்ற உடலின் சோர்வில் வெட்கப்பட என்ன இருக்கிறது?