ஹாஸ்கெல் பட்டியலில் இரண்டு பெயர்கள்

பத்து வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் இரும்பு ஆலைக்கு எடைமேடை மென்பொருள் எழுதிக் கொடுத்தேன், ஜாவாவில். லாரி காலியாக வரும்போது ஓர் எடை, சரக்கேற்றிப் போகும்போது ஓர் எடை, கழித்தால் சரக்கு. 'நடப்பு லாரி' என்று ஒரே ஒரு ஆப்ஜெக்ட் வைத்திருந்தேன். ஆலையில் இரண்டாவது மேடை போட்டதும் வந்தது வினை. இரண்டிலும் ஒரே நேரத்தில் லாரி ஏறினால், எப்போதாவது ஒன்றின் காலி எடை இன்னொன்றின் பில்லில் போய் உட்கார்ந்துவிடும். ஆபரேட்டர் தப்பாகத் தட்டிவிட்டார் என்று அவருக்குத் திட்டு விழுந்தது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆச்சு.

அந்த உறுத்தலில்தான் ஹாஸ்கெல் கற்க உட்கார்ந்தேன். முதல் வாரமே தலை சுற்றியது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. ஃபார் லூப் கிடையாது. அப்புறம் கூட்டுத்தொகையை எங்கேதான் வைப்பது? இது கணக்கு வாத்தியார்கள் கிளப்பிய வீம்பு என்றே நினைத்தேன்.

சரி, யார் அந்த வாத்தியார்கள் என்று பார்ப்போமே என 1990ல் வெளியான முதல் ஹாஸ்கெல் அறிக்கையைத் தேடி எடுத்தேன். ஆசிரியர் பட்டியலில் இரண்டு இந்தியப் பெயர்கள்: அர்விந்த், ரிஷியூர் நிகில். இருவரும் அப்போது எம்ஐடியில் இருந்தவர்கள்.

அர்விந்த் கான்பூர் ஐஐடியில் படித்தவர். அவருடைய கவலை கணக்கு அல்ல, இயந்திரம். வழக்கமான கணினி கட்டளைகளை வரிசையாகச் செய்கிறது. பல கணினிகளை ஒன்றாக வேலை வாங்க அது தோதுப்படாது. கல்யாணச் சமையலில் சோறு வேகட்டும் என்று காய் நறுக்குகிறவர் காத்திருப்பதில்லை. பருப்பும் காயும் வந்து சேர்ந்ததும் சாம்பார் கூடும். அதுபோல, உள்ளீடு வந்துவிட்டால் கட்டளை நடக்கட்டும் என்பது அவர் உழைத்த 'டேட்டாஃப்ளோ' முறை. ஆனால் ஒருவர் நறுக்கி வைத்ததை இன்னொருவர் மாற்றி வைத்தால் எல்லாம் போச்சு. வைத்த மதிப்பு மாறக்கூடாது என்ற விதிக்கு இங்கே காரணம் கிடைக்கிறது. மாறாவிட்டால் எது முந்தி, எது பிந்தி என்ற கவலையே இல்லை. இதற்காகவே அவர் 1970களின் பிற்பகுதியில் சகாக்களுடன் 'ஐடி' என்ற மொழியை உருவாக்கினார். பிறகு அது எம்ஐடியின் 'மான்சூன்' இயந்திரத்தில் ஓடியது.

மான்சூன் கடைக்கு வரவில்லை. சிந்தனை வேறு வழியில் வந்தது. ஹாஸ்கெல் மரபிலிருந்து 'புளூஸ்பெக்' என்ற சிப் வடிவமைப்பு மொழி பிறந்தது. அர்விந்த் அதற்காக 2003ல் நிறுவனம் தொடங்கினார், நிகிலும் அதில் சேர்ந்தார். சிப்புக்குள் ரெஜிஸ்டர் மாறித்தான் ஆக வேண்டும். அதனால் புளூஸ்பெக்கில் ஒரு விதி முழுசாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. பாதியில் இன்னொன்று நுழைய முடியாது. சென்னை ஐஐடியில் காமகோடி குழுவினர் 'சக்தி' செயலிகளை எழுதியது இந்த மொழியில்தான். 2018ல் சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது.

அர்விந்த் 2024 ஜூனில் காலமானார்.

எடைமேடை மென்பொருள் இன்றும் ஜாவாதான். ஆனால் 'நடப்பு லாரி' இல்லை. ஒவ்வொரு எடைக்கும் தனிப் பதிவு, எழுதிய பின் யாரும் தொட முடியாது. மாற்றி முடித்த அன்று ஆபரேட்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நான் தட்டலைன்னு அப்பவே சொன்னேனே சார்" என்றார்.